தாய்மாமன் பெயருக்கு விட்ட இடம்

1

கோபத்தோடுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கோபம் ஆறிய பிறகு எழுதினால் அழகாக வரும் என்கிறார் என் வீட்டுக்காரர். அழகாக வந்து என்ன ஆகப்போகிறது? ஊரில் இருக்கிற நீங்களெல்லாம், அமெரிக்காவில் ஒரு பட்டனைத் தட்டினால் எதுவும் கிடைத்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இங்கே ஒரு மனிதனைத் தேடிப் பாருங்கள், அப்போது தெரியும்.

நான் ஜெசிந்தா. வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், லயத்தில் பிறந்து வளர்ந்தவள். லயம் என்றால் ஒரே கூரைக்கு அடியில் வரிசையாக ஒற்றை ரூம்கள், ரூமுக்கு ஒரு குடும்பம். நர்ஸ் படிப்பு முடித்து இங்கே வந்து, பாதி ஆயுசை ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தே தீர்த்துவிட்டேன். லயத்தில் எங்களுக்குப் பக்கத்து ரூம் பாக்கியம் அக்கா. அவள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள், இன்னும் கொழுந்து கிள்ளுகிறாள். அவள் மகள் ஸ்டெல்லாவுக்குக் கிறிஸ்துமஸ் முடிந்ததும் கல்யாணம்.

போன மாதம் ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அங்கே அப்போது சாயங்காலம். அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கல்யாணப் பத்திரிகையின் மாதிரி, பிரஸ்ஸில் அடித்துக் கொடுத்தது. சிலுவை, இரண்டு புறா, மாப்பிள்ளை, பெண், பெற்றோர், பங்குச்சாமியார் எல்லாம் சரியாக இருந்தது. கீழே 'தாய்மாமன்' என்று போட்டு, எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்கள். படத்தின் பின்னாலேயே போன் வந்தது.

"ஏ ஜெசி, பாத்தியா? பிரஸ்காரன் கேக்கான், மாமன் பேருக்கு முன்னால 'திரு' போடணுமா, 'காலஞ்சென்ற' போடணுமான்னு. நான் என்னத்தச் சொல்ல?"

மாமன் என்றால் சவரி. சவரிமுத்து. அக்காவின் ஒரே தம்பி. அவனும் இந்த நாட்டுக்குத்தான் வந்தான். வந்து சில வருடம் போன் பண்ணினான், பிறகு நம்பர் மாறிவிட்டது. அதற்கப்புறம் பத்து வருடத்துக்கு மேல் ஒரு சத்தமும் இல்லை.

"மாமன் பேரில்லாம அடிச்சிருங்கக்கா" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"பேரில்லாம எப்பிடி அடிக்க? எம்புள்ள என்ன மாமன் இல்லாத புள்ளயா? மால போட மாமன் வேணாமா? இருக்கான்னா திருன்னு போடுதேன். செத்துட்டான்னா சிலுவயப் போட்டு, பேரச் சொல்லிப் பூச வைக்கேன். ரெண்டுல ஒண்ணு எனக்குத் தெரியணும்லா. நீ அங்கனதான இருக்க? போயிப் பாத்துட்டு வா."

போய்ப் பார்த்துவிட்டு வா! என்னமோ நான் வண்டிப்பெரியார் டவுனில் இருப்பது மாதிரியும், சவரி குமிளி பஸ் ஸ்டாண்டில் நிற்பது மாதிரியும்.

ஆனால் அவளைக் குறை சொல்லவும் முடியவில்லை. கல்லறைத் திருநாளுக்கு எங்கள் கோயிலில் செத்தவர்கள் பெயரைச் சாமியாரிடம் எழுதிக் கொடுப்பார்கள். ஒவ்வொரு வருடமும் அக்கா அப்பா பெயரைச் சொல்லுவாள், அம்மா பெயரைச் சொல்லுவாள், அடுத்து ஒரு பெயருக்கு வாயைத் திறந்து, சொல்லாமல் வந்துவிடுவாள். ஸ்டெல்லா எனக்குச் சொல்லியிருக்கிறாள். இந்த வருடம் அதைப் பிரஸ்காரன் கேட்டுவிட்டான், அவ்வளவுதான்.

"பாக்கேன்க்கா" என்றேன்.

2

இந்த நாட்டில் பொது ஆவணம் என்று ஒன்று இருக்கிறது. யார் வீடு வாங்கினார், யார் விற்றார், யார் யாரைக் கட்டினார், யார் யாரை விட்டார், யார் மேல் கேஸ், யார் ஜெயிலில், எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நம் ஊரில் பக்கத்து வீட்டுக்காரனுடைய நிலப் பத்திரத்தின் நகல் கேட்டால் வில்லேஜ் ஆபீசில் நம்மை மேலும் கீழும் பார்ப்பார்கள். இங்கே கேள்வியே கிடையாது, வா, பார், போ என்கிறார்கள். கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கும்.

பார்க்கப் போனால்தான் தெரியும். மாநிலம் ஒரு ராஜாங்கம். மாநிலத்துக்குள் கவுண்டி என்று துண்டு துண்டாக, நம் தாலுக்கா போல, அவையெல்லாம் தனித்தனிக் குட்டி ராஜாங்கம். ஒரு கவுண்டி ஆவணத்தைக் கம்ப்யூட்டரில் போட்டிருக்கும். அடுத்தது கடிதம் எழுதச் சொல்லும். அதற்கடுத்தது, செவ்வாய்க்கிழமை நேரில் வா என்னும். கல்யாணம் ஒரு ஆபீஸ், சொத்து ஒரு ஆபீஸ், கேஸ் ஒரு ஆபீஸ். சாவு மட்டும் மாநிலத்திடம். அதையும் சொந்தக்காரருக்குத்தான் கொடுப்போம் என்பார்கள். நீ யார் என்பார்கள். பக்கத்து ரூம் என்று சொன்னால் இந்த ஊரில் யாருக்குப் புரியும்?

சவரி கடைசியாகப் பேசியபோது, இந்த மாநிலத்துக்கு அடுத்த மாநிலத்தில் ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லி, அங்கே ஹோட்டலில் சமையல் வேலை என்று சொல்லியிருந்தான். அதை ஸ்டெல்லா ஞாபகம் வைத்திருந்தாள். அந்த ஊரைத் தேடிப் பார்த்தால், அது இரண்டு கவுண்டிகளில் உட்கார்ந்திருக்கிறது. மெயின் ரோட்டின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் வேறொன்று. குமிளியில் ஒரு கால் கேரளத்திலும் ஒரு கால் தமிழ்நாட்டிலும் வைத்து நிற்கிற கதைதான். நான் போகும் இடமெல்லாம் செக்போஸ்ட் பின்னாலேயே வருகிறது போலிருக்கிறது.

முதல் கவுண்டிக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் கேட்டாள்: "அவருடைய கடைசிப் பெயர்?"

"கடைசிப் பெயர் கிடையாது. சவரிமுத்து மட்டும்தான்."

"எல்லாருக்கும் கடைசிப் பெயர் உண்டு மேடம்."

எங்கள் அப்பன், பாட்டன் யாருக்கும் கிடையாதம்மா என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். அப்பா பெயர் ஆரோக்கியம், அதைப் போட்டுப் பாருங்கள் என்றேன். பார்த்தாள், இல்லை. திருப்பிப் போட்டுப் பாருங்கள் என்றேன். இல்லை. எனக்குச் சூடு ஏறிவிட்டது. "அவர் எக்ஸ்பயர் ஆகிட்டாரான்னாவது சொல்லுங்கள்" என்றேன் இங்கிலீஷில்.

"எது எக்ஸ்பயர் ஆனது மேடம்? லைசென்ஸா?"

இத்தனை வருடம் இந்த நாட்டில் நர்ஸாக இருந்தும், கோபம் வந்தால் என் இங்கிலீஷ் வண்டிப்பெரியாருக்குப் போய்விடுகிறது. போனை வைத்துவிட்டேன்.

3

என் மகள் அனு காலேஜில் படிக்கிறாள். அவளிடம் உதவி கேட்டேன். கம்ப்யூட்டரில் அவள் கை பறக்கும், எனக்கு ஒற்றை விரல். விஷயத்தைச் சொன்னதும் மூஞ்சியைச் சுளித்தாள்.

"அம்மா, தன்னை யாராவது கண்டுபிடிக்கணும்னு அவருக்கு ஆசை இருந்தால் அவரே கூப்பிட்டிருப்பாரே. ஒருத்தரை இப்படித் தேடுறது தப்பு" என்றாள். இங்கிலீஷில்தான். அவளுக்குத் தமிழும் வராது, அவள் அப்பாவின் மலையாளமும் வராது. பாக்கியம் அக்காவை அவள், 'போனில் சண்டை போடுகிற ஆன்ட்டி' என்பாள். அது சண்டையில்லை, லயத்தில் பேசுவதே அப்படித்தான் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

"அவன் அக்கா தேடுறாடி. மகள் கல்யாணத்துக்கு."

"மாமா இல்லாமல் கல்யாணம் நடக்காதா?"

 எனக்கு அண்ணன் தம்பி யாரும் இல்லை. மாமன் என்றால் என்ன என்று அவளுக்குக் காட்ட என்னிடம் ஆளில்லை. அவள் தப்பாகப் பேசவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. தேடுகிறவர்களின் பக்கமே யோசித்துக்கொண்டிருந்த எனக்கு, தேடப்படுகிறவன் பக்கமும் ஒன்று உண்டு என்று அவள்தான் சொன்னாள். அன்று சப்பாத்தியைக் கருக்கிவிட்டேன்.

4

அந்த மாமன் யார் என்று சொல்லிவிடுகிறேன். சவரிக்கு அப்பா முகம் தெரியாது. கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவும் காய்ச்சலில் போனபோது அவன் பள்ளிக்கூடம் போகாத வயசு. அக்காவுக்கு அப்போதுதான் வேலைக்குச் சேருகிற வயசு வந்திருந்தது. அம்மா கொழுந்து கிள்ளின நிரையில், அந்தச் செடி வரிசையில், அவளை ஏற்றிவிட்டார்கள். அம்மாவின் கூடையையே முதுகில் போட்டுக்கொண்டு போவாள். தம்பியை எங்கள் ரூமில் விட்டுவிட்டுப் போவாள். எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு. ஒரு தட்டில் இரண்டு பேருக்கும் கஞ்சி ஊற்றுவாள் என் அம்மா, நான் அவனை அடித்துப் பிடுங்கித் தின்பேன்.

கொஞ்சம் பெரியவனானதும் அவனே சமைக்க ஆரம்பித்தான். அக்கா மழையில் நனைந்து வரும்போது கப்பைக்கிழங்கும் மத்தி மீன் கறியும் தயாராக இருக்கும். அந்த வயசில் அப்படி ஒரு கைப்பக்குவம். லயத்துப் பெண்கள் கேலி செய்வார்கள்: "பாக்கியம், ஒனக்கு மாப்புள எதுக்கு? ஆக்கிப் போட ஆளுதான் இருக்கே!" அக்கா சிரிப்பாள். நிஜமாகவே அவள் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டாள். அவன் பன்னிரண்டாவது முடித்து, கோட்டயத்தில் கேட்டரிங் படித்து, கப்பலில் சமையல் வேலைக்கு ஏறின பிறகுதான் அவள் கழுத்தை நீட்டினாள்.

கப்பலிலிருந்து அவன் எப்படி இந்த நாட்டில் இறங்கினான் என்று அக்காவுக்குத் தெரியாது. அமெரிக்காவில் இருக்கேன் என்றான், அவள் நம்பினாள். நானும் அதே நாட்டில் இருக்கிறேன் என்பதால் அவளுக்கு ஒரு நிம்மதி. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று நான் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

5

தினமும் காலையில் நான் ஷூ மாட்டுகிற நேரத்தில் போன் வரும். "கெடச்சானா?"

கிடைக்கவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கவுண்டியிலும் கடைசிப் பெயர் இல்லாமல் தேட முடியாது என்றுவிட்டார்கள். சவரிமுத்து என்ற பெயரில் இன்னொரு மாநிலத்தில் ஒரு டாக்டர் கிடைத்தார். வீட்டுக்குப் போன் போட்டு, "நீ எஸ்டேட் மேல் டிவிஷன் சவரியா?" என்று கேட்டுவிட்டேன். அவருக்குப் பாளையங்கோட்டை. நல்ல மனுஷன், சிரித்துவிட்டு வைத்துவிட்டார். ஆளைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று சில கம்பெனிகள் இணையத்தில் இருக்கின்றன. பெயரைக் கொடுத்தால், 'கண்டுபிடித்துவிட்டோம், கண்டுபிடித்துவிட்டோம்' என்று பச்சைக் கோடு ஓடுகிறது. கடைசியில் கார்டு நம்பர் கேட்கிறது. கொடுத்தேன். என் பெயரையும் என் பழைய வீட்டு விலாசத்தையும் எடுத்து எனக்கே கொடுத்தார்கள். அன்று நான் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

இரண்டு கவுண்டிகளின் ஜெயில் பட்டியலைக்கூடப் பார்த்தேன். இல்லை என்றதும் நிம்மதியாக இருந்தது. அடுத்த நிமிஷமே, அங்கேயாவது இருந்திருக்கலாமே என்று தோன்றியது. ஜெயிலில் இருந்தால் உயிரோடாவது இருப்பான் அல்லவா?

"வார ஞாயித்துக்கெழம மொத ஓல வாசிக்காக" என்றாள் அக்கா. எங்கள் கோயில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று. "மூணாவது ஓலக்குள்ள பத்திரிக வரலன்னா மாப்புள வீட்டுக்காரன் மொகத்துல நான் எப்பிடி முழிக்க? பிரஸ்காரன் வேற, சும்மா ஏதாவது ஒண்ணப் போடுங்கன்னு சொல்லுதான். ஏதாவது ஒண்ணாம்! உசுரும் சாவும் அவனுக்கு ஏதாவது ஒண்ணா?"

"நீங்க திருன்னே போடுங்கக்கா. இருக்கான்னே வச்சுக்கிருவோம்."

"செத்தவன இருக்கான்னு போட்டா, அவன் ஆத்துமாவுக்கு யாரு ஜெபம் பண்ணுவா?"

இதற்கு எந்த நாட்டு ஆபீசில் பதில் இருக்கிறது, சொல்லுங்கள்.

6

என் வீட்டுக்காரர் பேபிச்சன் மலையாளி. ஞாயிற்றுக்கிழமை அவருடைய மலையாளக் கோயிலுக்குத்தான் போவோம். அன்று பூசை முடிந்து காப்பி குடிக்கிற இடத்தில், நாட்டிலிருந்து மகனைப் பார்க்க வந்திருந்த ஒரு அம்மச்சி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மோளே, நாட்டில் எவிடெயா?"

"வண்டிப்பெரியார்."

"வீட்டுப்பேரு எந்தா?"

இந்தக் கேள்விக்கு நான் இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மலையாளத்தாருக்கு வீட்டுப்பெயர் இல்லாத மனுஷர் கிடையாது. பேபிச்சன் வீட்டுப்பெயரைச் சொல்லி முடிக்கவே மூச்சு வாங்கும். எப்போதும் அதையே சொல்லிச் சமாளிப்பேன். "அது கெட்டியோன்றே வீட்டுப்பேரல்லே? மோள்டெ வீட்டுப்பேரு?" என்று விடாமல் கேட்டார். புருஷன் வீட்டுப்பெயர் வேண்டாமாம், என் வீட்டுப்பெயர் வேண்டுமாம். அன்றைக்கு இருந்த எரிச்சலில், "லயம்" என்றேன். "எஸ்டேட் லயம். அதாணு வீட்டுப்பேரு."

அம்மச்சி ஒன்றும் புரியாமல் தலையாட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது. காப்பிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். எங்கள் லயத்துக்குக் கீழே இருந்த சர்க்கார் பள்ளிக்கூடத்தில் சேரப் போனால் வாத்தியார் சாரும் இதைத்தானே கேட்பார்? நான் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்துக்குப் போனவள், என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயரை எழுதினார்கள். சவரி போனது சர்க்கார் பள்ளிக்கூடம்.

நேரம் காலம் பார்க்கவில்லை, காரில் உட்கார்ந்தே அக்காவைக் கூப்பிட்டேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தாள்.

"அக்கா, சவரியப் பள்ளிக்கொடத்துல சேத்தது யாரு?"

"நாந்தான். வேற யாரு இருந்தா? என்ன புள்ள, கெடச்சானா?"

"சாரு வீட்டுப்பேரு கேட்டாரா?"

"கேட்டாரு. நமக்கு ஏது வீடு? லயந்தான் சாரேன்னேன். அவரும் எழுதிக்கிட்டாரு. சர்ட்டிபிக்கேட்டு பூரா அதுதான். பாஸ்போட்டுலயும் அதுதான வந்துச்சு."

"இத மொதல்லயே சொல்லப்பிடாதா!"

"நீ கேக்கலியே."

நான் கேட்கவில்லைதான். எங்களுக்குக் கடைசிப் பெயர் கிடையாது என்று அமெரிக்காவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேனே தவிர, கேரளம் அவனுக்கு ஒன்றை வைத்து அனுப்பியிருக்கும் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

7

வீட்டுக்கு வந்து ஒற்றை விரலால் 'லயம்' என்று அடித்தேன். முதல் கவுண்டியில் இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கவுண்டியில் ஒரே ஒரு வரி வந்தது. சவரிமுத்து லயம். நான் கத்தின கத்தில் பேபிச்சன் ஓடி வந்தார்.

அந்த வரியின் முடிவில் எந்தக் கோர்ட் என்று போட்டிருந்தது. பேபிச்சன் அதை விரலால் தொட்டுக் காட்டினார். செத்தவர்களின் உயில், சொத்து, வாரிசு இதையெல்லாம் பார்க்கிற கோர்ட் அது. மேலும் விவரம் இணையத்தில் இல்லை, பார்க்க வேண்டுமானால் நேரில் வரவும் என்று இருந்தது.

மறுநாள் காலை, "கெடச்சானா?"

"இன்னும் பாக்கேன்க்கா" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் எத்தனையோ குடும்பங்களுக்கு நான் சாவைச் சொல்லியிருக்கிறேன். உட்காருங்கள் என்போம், கையைப் பிடித்துக்கொள்வோம். போனில் எப்படிக் கையைப் பிடிப்பது?

லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். அரை நாள் வண்டி ஓட்டினால்தான் அந்தக் கவுண்டி வரும். இரண்டு பக்கமும் சோளக்காடு, அறுத்துப் போட்ட காடு. வழியெல்லாம், அக்கா நான் இப்படிச் சொல்லட்டுமா, அப்படிச் சொல்லட்டுமா என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். எந்த மாதிரிச் சொன்னாலும் அவன் செத்துத்தான் போனான். எனக்கு அழுகை வந்தது. அவன் கஞ்சியைப் பிடுங்கித் தின்றவள் நான். எப்போது செத்தான், யார் பார்த்தார்கள், ஒரு சிலுவையாவது நட்டார்களா என்று ஒன்றும் தெரியாமல் ஒரு மனுஷன் போகலாமா?

கோர்ட்டில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண். நம்பரைக் கொடுத்தேன். உள்ளே போனாள், வந்தாள், இரண்டு தாளை ஜன்னலுக்கு அடியில் தள்ளினாள்.

"பெயர் மாற்றம்" என்றாள்.

"சாவு இல்லையா?"

"இல்லை மேடம். பெயர் மாற்றுகிற மனுவும் இந்தக் கோர்ட்டில்தான் வரும்."

செத்தவர்களையும் பெயர் மாற்றுகிறவர்களையும் ஒரே ஜன்னலில் நிற்க வைத்த புண்ணியவானை நான் ஒருநாள் பார்க்க வேண்டும். இரண்டு நாளாக நான் செத்துக் கிடந்தேன். அந்தப் பெண் மூக்கைத் துடைக்கக் காகிதம் எடுத்துக் கொடுத்தாள்.

பழைய பெயர், சவரிமுத்து லயம். புதிய பெயர், சவரிமுத்து பாக்கியம். காரணம் என்ற இடத்தில் ஒரே வரி: என்னை வளர்த்த அக்காவின் பெயர்.

நின்றுகொண்டே அதை எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. பின்னால் நின்ற ஆள் கனைத்த பிறகுதான் நகர்ந்தேன்.

8

புதுப் பெயர் தெரிந்த பிறகு விலாசம் கிடைக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதே கட்டிடத்தில் மாடியில் சொத்து ஆபீஸ். இதற்குத்தான் ஒரு மாதம் தலையால் தண்ணீர் குடித்தேன். அனு சொன்னது நினைவுக்கு வந்தது, கண்டுபிடிக்கப்பட அவனுக்கு விருப்பமில்லை என்றால்? காரணம் எழுதியிருந்த அந்த இரண்டாவது தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வண்டியை எடுத்தேன்.

சின்ன வீடு. கதவைத் திறந்தவனுக்கு முன்மண்டை வழுக்கை, கண்ணாடி. காதைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்தது. அந்தக் காதை நான் திருகியிருக்கிறேன்.

"சவரி, நான் ஜெசி. பக்கத்து ரூமு."

அவன் முகம் வெளுத்துவிட்டது. நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா செத்துட்டாளா?"

எனக்கு வந்ததே கோபம்! "நீ இருக்கியான்னு அவ கேக்கா. அவ இருக்காளான்னு நீ கேக்க. நடுவுல நான் என்ன போஸ்டாபீசா? இருக்கா! கொழுந்து கிள்ளிக்கிட்டு, தெனமும் என் உசுர வாங்கிக்கிட்டு, நல்லா இருக்கா!"

அவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். அவன் மனைவி மார்த்தா. தென் அமெரிக்கப் பக்கத்துக்காரி. ஒன்றும் கேட்காமல் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, ஸ்டெல்லாவின் கல்யாணத்தையும் பத்திரிகையில் மாமன் பெயருக்கு விட்ட இடத்தையும் அவனிடம் சொன்னேன்.

அவன் தமிழ் துருப்பிடித்திருந்தது. நடுநடுவே மலையாளம் வந்தது, இங்கிலீஷ் வந்தது. "கப்பல்ல இருந்து எறங்குனப்ப பேப்பரு இல்ல, ஜெசி. கொஞ்ச வருசம் கூப்புட்டேன், பொறவு பிடிச்சிருவானோன்னு பயம், விட்டுட்டேன். பேப்பரு வரட்டும், வந்ததும் நேர்ல போயி நிப்போம்னு நெனச்சேன். இம்புட்டு வருசம் ஆகும்னு யாரு கண்டா? வந்தப்ப என்ன சொல்லிக் கூப்புட? மொதல்ல பயம், பொறவு வெக்கம்."

"பேர மட்டும் மாத்தத் தெரிஞ்சுதோ?"

பையிலிருந்த தாளைக் காட்டினேன். பார்க்காமலே தலையைக் குனிந்துகொண்டான். "வேல செய்யுற எடத்துல எல்லாரும் மிஸ்டர் லயம்னு கூப்புடுவான். கூப்புடும்போதெல்லாம் அந்த ரூமுதான் ஞாபகத்துல வரும், அவ ஒத்தைல இருக்கது. பேப்பரு கெடச்ச கையோட மாத்துனேன். அப்பா பேரு வைக்கலாம்தான். அப்பாவ எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது அவதான்."

"அப்ப போனப் போடு. இப்பவே போடு."

"அங்கன இப்ப நடுராத்திரி."

உண்மைதான். ஆனால் பகலாக இருந்திருந்தாலும் அவன் பண்ணியிருக்க மாட்டான்.  "நீ சொல்லு ஜெசி. அவ ஏச வேண்டியத ஏசி முடிக்கட்டும். பொறவு நான் கூப்புடுதேன்" என்றான். வண்டியில் ஏறப் போகும்போது பின்னாலேயே வந்து, "பத்திரிகைல என் பேரு போடுவாளா?" என்று கேட்டான்.

அவனை அடிக்கலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. பழைய பழக்கத்தில் காதைத் திருகிவிட்டு வந்தேன்.

9

மறுநாள் காலை அக்கா கூப்பிடும் முன்னால் நான் கூப்பிட்டேன். அவள் வேலை முடிந்து அப்போதுதான் கூடையை இறக்கியிருந்தாள்.

"அக்கா, சவரி இருக்கான். நேர்ல பாத்துட்டேன். நல்லா இருக்கான்."

 அக்கா ஏச ஆரம்பித்தாள். நாசமாப் போறவன் என்றாள், கட்டையில போறவன் என்றாள், என் வயித்தெரிச்சல் அவனச் சும்மா விடாது என்றாள். அதே மூச்சில், மாதாவே அவனுக்கு ஒண்ணும் ஆகிடப்பிடாது என்றாள். நான் குறுக்கே பேசவில்லை. வேலைக்கு நேரமாகிறது என்றும் சொல்லவில்லை. அனு சமையலறை வாசலில் வந்து நின்றாள். சண்டையா என்று சைகையில் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன்.

"மெலிஞ்சிருக்கானா?"

"வயிறு போட்டிருக்கான். தலை வழுக்கை."

"வழுக்கையா! எங்கப்பாவுக்கும் வழுக்கதான். கல்யாணம் கெட்டிட்டானா?"

"கெட்டிட்டான். நல்ல புள்ள. அந்தூருக்காரிதான், ஆனா நம்ம வேதக்காரப் புள்ள."

"நீ என்னத்தக் கண்ட. சரி, அந்த நாயிக்கு ஒரு பத்திரிக அனுப்பணும்லா. வாரானோ வரலியோ, மொறைனு ஒண்ணு இருக்கு. வெலாசம் சொல்லு. ஸ்டெல்லா, பேனா எடு. அங்கன அவன் பேரு எப்பிடி? தபால்காரனுக்குத் தெரியுற மாதிரி சொல்லு."

"சவரிமுத்து பாக்கியம்."

"ஆங்?"

"அதுதான்க்கா அவன் பேரு இங்க. சவரிமுத்து பாக்கியம்."

"பொண்டாட்டி பேரும் பாக்கியமா? அந்தூருக்காரிக்கு யாரு பாக்கியம்னு பேரு வச்சா?"

"அவ பேரு மார்த்தாக்கா."

"அப்ப இது எந்தப் பாக்கியம்?"

"நீங்கதான். லயத்த எடுத்துட்டு உங்க பேரப் போட்டிருக்கான். கோர்ட்டுல எழுதிக் கொடுத்து மாத்தியிருக்கான். வளத்த அக்கா பேருன்னு எழுதியிருக்கு. நான் படிச்சேன்."

  அந்தப் பக்கம் ஸ்டெல்லா, "அம்மா, என்னாச்சு? எதுக்கு அழுத?" என்று கேட்பது தூரத்தில் கேட்டது.

"ஒண்ணுமில்லட்டி" என்றாள் அக்கா. மூக்கை உறிஞ்சினாள். "பிரஸ்காரனுக்குப் போனப் போடு. திருன்னு போட்டு, முழுப் பேரையும் அடிக்கச் சொல்லு."